மலேசியா சுங்கை சிப்புட் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து கால் மசாஜ் கடை

செம்பனை மில்லுல நைட் ஷிப்ட் பார்க்குறவங்க ஒரு தடவ போய்ப் பாருங்க. பிள்ளை பென்சில கீழ போட்டாலே எரிஞ்சு விழுறது, கடைக்குப் போயி என்ன வாங்க வந்தோம்னு முழிக்கிறது, இதெல்லாம் குணம் கெட்டுப் போச்சுன்னு நினைக்காதீங்க லா, பாதி நேரம் அசதிதான், தூக்கம் கொறைஞ்சா கோபத்த அடக்குற தெம்பும் கொறைஞ்சிரும்.

இங்க முதல்ல இஞ்சி தட்டிப் போட்ட சுடுதண்ணில கால ஊற வைப்பாங்க, அப்புறம் அந்த அக்கா கட்டைவிரலால ஆடுசதைல ஒரு முடிச்ச தேடிப் பிடிச்சு அமுக்குவாங்க பாருங்க, அம்மாடி, உயிரே போய் வரும், ஆனா பத்து நிமிஷத்துல நான் குறட்டை. ஒரு மணி நேரம் 45 வெள்ளி (ரிங்கிட்), கொஞ்சம் ஜாஸ்திதான்.

குறைன்னா டிவி சத்தம், சீரியல்ல அழுறது நம்ம காதுலயே விழுது. ஃபோன சைலண்ட்ல போடுங்கன்னு சொல்றாங்க, அது நல்ல பழக்கம். ஆனா வேலை அழுத்தத்துல வர்ற சோர்வ உலக சுகாதார நிறுவனமே 2019ல தனியா வரையறுத்துச்சு, அந்த அளவு சோர்வுக்கு மசாஜ் பத்தாது, லீவு எடுக்கணும், ரெண்டு வாரத்துக்கு மேல மனசு சரியில்லன்னா கிளினிக் டாக்டர பாருங்க. மசாஜ் கடைல ஞாயித்துக்கிழம கூட்டம், செவ்வாய் மதியம் காலி.