வீடியோவை நிறுத்தலாமா?

இரவில் எடுத்த தவளை வீடியோவைச் சரிபார்க்க உட்கார்ந்தால் பெரும்பாலும் இதுதான் கதை: திரை முழுக்க இருட்டு, நடுவில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு ஈர இலை, எங்கிருந்தோ ‘டிக்... டிக்...’ தவளை தெரியாது. ஆனால் அந்த ‘டிக்’ போதும். மேற்குத் தொடர்ச்சி மலைப் புதர்த்தவளைகளில் பல பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரிக்கக் குரல்தான் பெரிய துணை.

மக்கள் தாங்கள் பார்த்த உயிரினங்களைப் படம், ஒலி, வீடியோவோடு பதிவுசெய்யும் இணையதளம் ஒன்று நன்கொடையில் ஓடுகிறது, அது செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் கைவைக்க வேண்டியது வீடியோவில்தான் என்பது என் கட்சி. மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, அப்படியே தொடர்வது. ஐபோனில் நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்த 1080பி வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 60 எம்.பி., 4கே என்றால் சுமார் 170. சேமிப்பதுதான் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அமேசான் வாடகைக்குத் தரும் இணையச் சேமிப்பிடமான எஸ்3-யின் மும்பை மையத்தில் ஒரு ஜி.பி.யை ஒரு மாதம் வைத்திருக்க இரண்டரை சென்ட். அதே ஒரு ஜி.பி.யை வெளியே அனுப்பச் சுமார் 11 சென்ட். ஒரு நிமிட நாகப்பாம்பு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றி 10,000 பேர் பார்த்தால் 600 ஜி.பி. மாதம் 100 ஜி.பி. இலவசம் போக, 55 டாலர். அறிவியலுக்குக் கூடியதோ ஒரே ஒரு நாகப்பாம்புப் பதிவு! அனுப்பும் கட்டணமே வாங்காத இன்னொரு சேமிப்பிடமான கிளவுட்ஃப்ளேர் ஆர்2-வுக்கு மாறலாம்தான். ஆனாலும் வீடியோவைச் சுருக்கும் வேலையும், ஆள் உட்கார்ந்து முழுசாகப் பார்க்கும் வேலையும் அப்படியே நிற்கும்.

இரண்டாவது, பதிவு போடுபவரையே யூடியூபில் ஏற்றச் சொல்லி இணைப்பை மட்டும் வாங்குவது. காசு செலவில்லை. ஆனால் அவர் கணக்கை மூடினால் ஆதாரமும் போச்சு. இலவச இடத்தை நம்பியவர்கள் ஏற்கெனவே பட்டிருக்கிறார்கள்: ஃபிளிக்கர் 2018 நவம்பரில் இலவசக் கணக்குக்கு 1,000 படம் என்று வரம்பை அறிவித்தது, கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பற்ற இலவசத்தை நிறுத்தியது.

மூன்றாவது, இதே மாதிரி உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்ட் போகிற வழி. அங்கே படமும் ஒலியும் ஏற்றலாம், வீடியோ கிடையாது. படத்தைக்கூட 2,048 பிக்சலுக்குள் சுருக்கிவிடுகிறார்கள். தவளைக் குரல் ஒரு நிமிடம் எம்4ஏ-யாக ஒரு எம்.பி.க்குள் அடங்கிவிடும். உயிரினங்களின் படம், ஒலி, வீடியோவைச் சேகரிக்கும் மெக்காலே நூலகம் வீடியோ வாங்குகிறதே என்று கேட்கலாம். அதன் பின்னால் கார்னெல் பல்கலைக்கழகம் நிற்கிறது. நம் பின்னால் யார் இருக்கிறார்கள்?

இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். நெட்டைக்காலிப் பறவை வாலாட்டும் விதம், வானம்பாடி எழும்பி இறங்கும் விதம் இதெல்லாம் நான்கு படத்தில் வராது. அந்த மாதிரிப் பதிவுகளுக்கு மெக்காலே இணைப்பைக் குறிப்புப் பெட்டியில் வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு மூன்றாவதுதான் சரி. ஆனால் வீடியோ ஏற்றும் பொத்தானைத் தூக்கும் முன் பழைய வீடியோ ஒவ்வொன்றிலிருந்தும் நான்கைந்து ஃபிரேமையும் ஒலியையும் பிரித்து அதே பதிவில் வைக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளில் சின்ன ஸ்கிரிப்ட் போதும். ஏற்றியவர்களுக்கு மூலக்கோப்பை இறக்கிக்கொள்ள ஆறு மாதம் கொடுங்கள். பதிவு எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள், உலக உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஃப் வழியாகப் போன தரவில் அந்த எண்தான் இருக்கிறது.