கார்ப்பேட்டைக்கே வந்து எஞ்சின் பவரைக் கூட்டித் தருவதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கை

சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

"உங்கள் புளோக்குக்கே வந்து மாட்டித் தருவோம், 15 குதிரைசக்தி கூடும், 680 வெள்ளி" என்று இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். என் கார் டர்போ இல்லாத 1.6 லிட்டர். சிஓஇ, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், முடிய இன்னும் ஓராண்டுதான். அதுவரை நன்றாக ஓட்டிப் பார்த்துவிடலாம் என்ற ஆசையில் கூப்பிட்டேன்.

இரவு ஒன்பது மணிக்குக் கார்ப்பேட்டைக்கு வந்தார். தமிழர். "அரை மணி நேர வேலைண்ணே." ஏர்ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, சிவப்புக் கூம்பு ஃபில்டர் வைத்த அலுமினியக் குழாயை மாட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழே, பட்டறையில் கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு 'சிப்'பைச் செருகினார். "ரீசெட் பண்ணணும்ணே" என்று பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார். பழைய பெட்டி "உங்களுக்கு எதுக்குண்ணே, இடத்தை அடைக்கும்" என்று தன் வேனிலேயே போட்டுக்கொண்டார். பேநவ்வில் பணம் அனுப்பினேன். ரசீது தரவில்லை.

நாலாம் நாள் சிலேத்தார் விரைவுச்சாலையில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. மேடு ஏறினால் 'டக் டக்' என்று தட்டல் சத்தம்.

சின் மிங்கில் எனக்குத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோனேன். கோளாறுக் குறியீடு பி0171, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை. காற்றை அளக்கும் சென்சார், அது உட்காரும் குழாயின் விட்டத்தை நம்பித்தான் கணக்குப் போடுகிறது. புதுக் குழாய் அகலம் கூட. அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைத்துக் காட்டும், பெட்ரோலும் குறையும். மெக்கானிக் சென்சாரைக் கழற்றிக் காட்டினார்: முடி போன்ற கம்பியில் ஃபில்டர் எண்ணெய் பிசுபிசுவென்று படிந்திருந்தது. பேட்டரியைக் கழற்றியதில் காரின் கணினி பெட்ரோல் அளவுக்காகப் பழகிவைத்திருந்த திருத்தங்கள் அழிந்துபோகும், இந்தக் கோளாறும் அடுத்தடுத்த பயணங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும் என்றார். மாட்டியவர் நழுவிப் போக அந்த அவகாசம் போதும்.

'சிப்'பையும் திறந்து பார்த்தோம். சாக்கெட்டில் செருகும் 16 கால்களில் 6ஆவதும் 14ஆவதும்தான் கார் கணினியோடு பேசும் கேன் கம்பிகள். பலகையில் அந்த இரண்டிலிருந்தும் ஒரு தடம்கூடப் போகவில்லை. கரண்ட் எடுத்து மூன்று விளக்கு மினுக்குவதுதான் அதன் மொத்த வேலை.

அடுத்த மாதம் காருக்கு ஒன்பதாம் ஆண்டுப் பரிசோதனை, அதற்குள் பழையபடி ஆக்கிவிட நினைத்தேன். பழைய பெட்டி இல்லாததால் பயன்படுத்தியது ஒன்றைத் தேடி வாங்கினேன். அதற்கும் சென்சாருக்கும் கூலிக்குமாக 410 வெள்ளி போயிற்று.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டுமே! என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண், அதுவும் இப்போது அணைந்து கிடக்கிறது. பணம் கொடுக்கும் முன் யுஇஎன் என்ற நிறுவனப் பதிவு எண்ணைக் கேளுங்கள், ரசீது கேளுங்கள், கழற்றிய பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். டர்போ, புகைக்குழாய் என்று யாராவது பேசினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் எங்கே என்று கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நேற்று இரவு வேறு பெயரில் அதே விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. படத்தில் இருப்பது என் எஞ்சின். பேட்டரி மூடியில் நான் ஒட்டிய மஞ்சள் டேப் அப்படியே தெரிகிறது.