நோய்க்கோழிக்குக் கரப்பா, கம்பிக்கூடா?

ஆரையம்பதியில் எங்கள் வளவில் 15 ஊர்க்கோழிகள் நிற்கின்றன. போன மாரியில் ஒரு கறுப்புப் பேடு இறகைச் சிலிர்த்து, கண்ணை மூடிக்கொண்டு மூலையில் ஒதுங்கியது. எச்சத்தில் இரத்தம். "கரப்பால மூடி வை தம்பி, ஆறிடும்" என்றார் பக்கத்து வீட்டு மாமி. அப்படியே, கவிழ்த்து வைக்கும் பின்னல் கூடையான கரப்பால் மூடினேன். நாலு நாளாகியும் தேறவில்லை. பிறகுதான் பலகையும் கம்பி வலையும் வாங்கி, நிலத்திலிருந்து 2 அடி உயரத்தில் ஒரு சின்னக் கூடு அடித்தேன். இப்போது எந்தக் கோழி சோர்ந்தாலும் நேரே அதற்குள்தான்.

கரப்பு மலிவு, ஒரு கையால் தூக்கி நிழலுக்கு மாற்றலாம். அதில் பேச்சில்லை. ஆனால் அதற்கு அடித்தட்டு இல்லை. கோழி தன் எச்சத்தின் மேலேயே நிற்கும், அதிலேயே கொத்தும்.

இரத்தக் கழிச்சலில் எல்லாமே இந்த எச்சத்தில்தான் இருக்கிறது. ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்தவுடன் தொற்றாது. ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து தொற்றத் தொடங்கிவிடும். மாரியில் எங்கள் மணலில் ஈரத்துக்கா பஞ்சம்? வழக்கமான கிருமிநாசினிக்கும் அவை இலேசில் சாகாது. கொதிநீரும், நல்ல வெயிலில் காய வைப்பதும் வேண்டும். கம்பித்தளத்தில் எச்சம் கீழே விழுந்துவிடும். அடியில் ஒரு பழைய உரச்சாக்கை விரித்து, காலையில் சுருட்டி எடுத்துவிடுவேன். வலையைத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றி வெயிலில் வைத்தால் சரி. கரப்பின் பின்னலுக்குள் காய்ந்து ஒட்டியதை எதைக் கொண்டு சுரண்டுவது? இடம் மாற்றி மாற்றி வைத்தாலும் வளவு முழுக்க நோயை விதைத்த மாதிரித்தான்.

சாக்கில் விழுந்த எச்சமே தினசரி அறிக்கையும் ஆகிவிடுகிறது. மூன்றாம் நாள் சிவப்புக் குறைந்ததை அதில்தான் கண்டேன். மிருக வைத்தியர் தந்த அம்புரோலியம் என்ற மருந்தை எல்லாக் கோழிகளுக்கும் தண்ணீரில் கலந்து வைத்தேன். ஆனால் கறுப்புப் பேடு எவ்வளவு குடித்தது என்பதைக் கூட்டில் கட்டிய கோப்பைதான் காட்டியது. இன்னொன்று: தேறட்டும் என்று அதோடு விற்றமின் பி கொடுத்துவிடாதீர்கள். விற்றமின் பி1 போல வேஷம் போட்டுத்தான் அந்த மருந்து ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. உண்மையான விற்றமினை ஊட்டினால் மருந்தின் வேலை கெட்டுவிடும்.

இராணிக்கெட் என்ற வைரஸ் நோய் என்றால் கூடு எதுவானாலும் காப்பாற்றாது. அதற்கு மருந்து இல்லை, முன்கூட்டியே தடுப்பூசிதான். கழுத்துத் திருகி, பச்சையாகக் கழிந்தால் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

கம்பிக்கூட்டிலும் குறை உண்டு. காலில் புண் உள்ள கோழிக்குக் கம்பி ஆகாது. அதற்குக் கரப்புக்குள் வைக்கோல் போடுவதே மேல். மாரிக்காற்று அடியிலிருந்து ஏறும் என்பதால் மூன்று பக்கமும் சாக்குக் கட்டவேண்டும். கரப்புக்குள் இருந்த கோழியை மற்றவை தினமும் பார்த்துக்கொண்டிருப்பதால் திரும்பச் சேர்ப்பதும் சுலபம். கூட்டிலிருந்து பத்து நாள் கழித்து இறக்கிய கறுப்புப் பேட்டை எல்லாம் சேர்ந்து கொத்தின. மறுநாள் இருட்டிய பிறகு பரணில் ஏற்றிவிட்டேன், விடிய அமைதியாகிவிட்டன. ஒரே ஒரு தடவை செய்து பார்த்தது இது. சேவல் அதிகமுள்ள வளவில் எப்படிப் போகுமோ.

கரப்பை எறியவில்லை. இப்போது அதற்குள் ஒரு தாய்க்கோழியும் ஆறு குஞ்சுகளும்.