கரையோரக் கிணற்றுக்கு 25 லீற்றர் ரெசின் சொப்ட்னர்: வாங்கலாமா?

வாங்கலாம், கிணற்றின் குறை வன்மையாக (கல்சியம், மக்னீசியம் கூடுதலாகக் கரைந்திருப்பது) இருந்தால் மட்டும். சொப்ட்னர் என்பது ரெசின் மணிகளால் அந்த வன்மையைப் பிடித்தெடுக்கும் கருவி. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை, நுரைக்காமல் திரிதிரியாகப் போகும் சவர்க்காரம், இவை வன்மையின் அடையாளம். மட்டக்களப்பில் கல்லடி, காத்தான்குடிப் பக்கம் வாவியை ஒட்டிய கிணறு வாயில் வைத்ததுமே உவர்த்தால் அது வேறு நோய். சொப்ட்னர் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுமே தவிர உப்பைக் குறைக்காது. இறைக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் இரவு முழுக்க வாளியில் நின்று செம்மஞ்சளானால் இரும்பு. அதை நேரே விட்டால் ரெசின் மணிகளில் கறை ஏறிச் சீக்கிரம் பழுதாகும். முன்னால் காற்றூட்டி மணல் பில்டரில் வடிக்கவேண்டும்.

விற்பவர் முக்கிக் காட்டும் டி.டி.எஸ். மீற்றர் தண்ணீரில் கரைந்திருப்பதை மொத்தமாகக் காட்டுமே தவிர வன்மையைப் பிரித்துக் காட்டாது. துளி விட்டு நிறமாற்றம் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இலங்கைத் தரநிலையான எஸ்.எல்.எஸ். 614இல் குடிநீருக்கான வன்மை எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம்.

25 லீற்றர் ரெசினுக்கு ஒரு தடவை உப்பேற்றினால் (மணிகளை உப்புநீரால் கழுவிப் புதுப்பித்தால்) அது சுமார் 1,250 கிராம் வன்மையைப் பிடிக்கும். லீற்றருக்கு 350 மில்லிகிராம் வன்மையுள்ள தண்ணீரில் அது 3,500 லீற்றருக்குக் காணும். நாளுக்கு 800 லீற்றர் புழங்கும் வீட்டில் நாலு நாளைக்கொரு தடவை இரண்டரை, மூன்று கிலோ உப்புப் போகும்.

பெரும்பாலும் பிழைப்பது பூட்டும் இடத்தில்தான். 5 மீற்றர் உயரத் தாங்கி தரும் அழுத்தம் அரை பார். தானியங்கி வால்வின் இன்ஜெக்டர் உப்புநீரை உறிஞ்ச ஒன்றரை, இரண்டு பார் வேண்டும். தாங்கிக்குக் கீழே பூட்டினால் தொட்டியில் போட்ட உப்பு போட்டபடியே கிடக்கும், குழாயில் பழைய வன்நீரே வரும். மோட்டருக்கும் தாங்கிக்கும் இடையில் பூட்டச் சொல்லுங்கள். ஆனால் ஓட்டம் மணிக்கு 1,000 லீற்றரைத் தாண்டக்கூடாது. வேகமாகப் போனால் வன்மை பிடிபடாமல் நழுவிவிடும். ஆயிரம் லீற்றர்த் தாங்கி நிரம்ப ஒரு மணித்தியாலம் பொறுக்கத்தான் வேண்டும்.

அயடீன் சேராத கல்லுப்பே நல்லது. மண் கலந்திருந்தால் கரைத்துத் துணியில் வடித்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் இன்ஜெக்டரின் ஊசித்துளை அடைக்கும். கழிவு உப்புநீரைக் கிணற்றடியில் விடவே வேண்டாம். நம்முடைய மணல் நிலத்தில் அது நேரே கிணற்றுக்குத்தான் திரும்பும்.

உவர்க் கிணறென்றால் குடிக்க, சமைக்க மட்டும் சிறிய ஆர்.ஓ. (சவ்வின் வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் கருவி) போதும், ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லீற்றர் வீணாகும் என்பதால் வீடு முழுவதற்கும் கட்டாது. உன்னிச்சைக் குளத்துக் குழாய்நீர் வரும் வீட்டில் சொப்ட்னருக்குக் காசைக் கொட்டவேண்டாம், வண்டல் பில்டரும் கரி பில்டரும் போதும்.