அவுட்லுக் 2003: 300 பேருக்கு அனுப்ப எந்த வழி ஏற்றது?

மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக் 2003-லும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் நாமே உருவாக்கிக்கொள்ளும் முகவரிப் பட்டியலுக்கு வரம்பு ஆள் கணக்கில் இல்லை, கொள்ளளவில்தான் இருக்கிறது. பட்டியல் முழுவதும் சுமார் 8 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். தொடர்புகள் பகுதியிலிருந்து பெயர்களைச் சேர்த்தால் 50 முதல் 70 பேருக்குள் இடம் தீர்ந்துவிடுகிறது; வெறும் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்தால் ஏறத்தாழ 125 வரை கொள்கிறது. பெயர்கள் நீளமாக இருந்தால் அதுவும் குறையும் என்பதால்தான், ஒரே அலுவலகத்தில் இருவருடைய பட்டியல்கள் வெவ்வேறு எண்ணிக்கையில் நின்றுபோகின்றன.

300 பேருக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது, சிறு பட்டியல்களை ஒரு பெரிய பட்டியலுக்குள் அடக்கும் அடுக்குப் பட்டியல் வழியை. உள்ளே வைக்கும் பட்டியல் ஒரே ஒரு பதிவாகவே கணக்கில் வருவதால் வரம்பு தடுப்பதில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். ஆனால் அனுப்பும்போது பட்டியல் நம் கணினியிலேயே விரிந்து 300 முகவரிகளாகிவிடுகிறது. பெறுநர் (To) கட்டத்தில் இட்டால் எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரியும். ஒரு கடிதத்துக்கு இத்தனை பேர்தான் என்று மின்னஞ்சல் சேவை வைத்திருக்கும் வரம்பிலும் அது சிக்கக்கூடும்.

அலுவலக மின்னஞ்சலை நடத்தும் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் அமைக்கும் குழுவில் இந்தத் தொல்லைகள் இல்லை. விரிவாக்கம் சர்வரில் நடக்கிறது, பெறுபவர் குழுவின் பெயரை மட்டுமே பார்க்கிறார். விண்டோஸ் 2000 காலத்தில் ஒரு குழுவில் 5000 பேருக்கு மேல் வேண்டாம் என்ற அறிவுரை இருந்தது. உறுப்பினர் பட்டியல் முழுவதும் ஒரே மொத்தமாகச் சர்வர்களுக்கிடையே நகலானதே அதற்குக் காரணம். இரு நிர்வாகிகள் இரு சர்வர்களில் ஒரே நேரத்தில் திருத்தினால் ஒருவர் செய்த திருத்தம் அழிந்துபோகும். விண்டோஸ் சர்வர் 2003 ஒவ்வோர் உறுப்பினரையும் தனித்தனியே நகலெடுக்கத் தொடங்கியதும் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. இதிலுள்ள குறை, வெளியார் ஒவ்வொருவருக்கும் நிர்வாகி தனிப்பதிவு உருவாக்க வேண்டியிருப்பது.

வேர்டின் மெயில் மெர்ஜ், ஒரே கடிதத்தைப் பெயர், முகவரி மாற்றிப் பலருக்கு அனுப்பும் வசதி; இதில் அவுட்லுக்கில் முகவரிப் பட்டியல் அமைக்கத் தேவையில்லை. ஆளுக்கொரு கடிதம் தனித்தனியே போகும். இணைப்புக் கோப்பு மட்டும் சேர்க்க முடியாது.

ஊழியர்களுக்கு சர்வர் குழு, வெளி வாடிக்கையாளர்களுக்கு மெயில் மெர்ஜ் என்று பிரித்துக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. அடுக்குப் பட்டியலைத் தற்காலிகத் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் முகவரிகளை மறைநகல் (Bcc) கட்டத்தில்தான் இட வேண்டும்.