‘எழுந்திருங்கள்… நோ’: ஒரு ஸ்பானிஷ் செயலியோடு மூன்று வருடம்

சென்னையில் இருக்கும் நண்பன் நேற்று வாட்ஸ்ஆப்பில் கேட்டான்: “நீ வச்சிருக்கிற அந்த ஸ்பானிஷ் செயலி, வருஷச் சந்தாவைப் பாதியாக் குறைச்சிருக்காங்க. வாங்கலாமா?” ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரம் சரியில்லை. அதே செயலியைத் திட்டிக்கொண்டேதான் அன்று காலை வகுப்பிலிருந்து வெளியே வந்திருந்தேன்.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் யோகா சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபது தாண்டியவர்கள். ஊர் 2,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூச்சை இழுங்கள், விடுங்கள் என்பதையே பதறாமல் சொல்ல வேண்டும். காலையிலிருந்து மாலைவரை என் வாயிலிருந்து வருவது எல்லாம் கட்டளைகள்தான்: உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், முட்டியை மடக்காதீர்கள். எனக்கு வேண்டியிருந்தது மரியாதைக் கட்டளை என்ற அந்த ஒரே ஒரு பாடம்.

அந்தப் பாடத்துக்குச் செயலி என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க எட்டு மாதம் ஆனது. அதுவரை எல்லாமே ‘தூ’. ‘நீ’ என்பதற்கான ஸ்பானிஷ் சொல் அது. நம் காதுக்கு அது துப்புகிற ஓசை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பொகோட்டாவில் அண்ணன் தம்பிக்குள்ளேயே ‘உஸ்தேத்’ போட்டுப் பேசுகிற வீடுகள் உண்டு. ‘நீங்கள்’ என்பதற்கான சொல் இது. இன்னும் பாசம் கூடினால் ‘சுமெர்செ’ என்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் எழுபது வயதுப் பாட்டியிடம் போய் “உட்காரு” என்று எட்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், உஸ்தேத் கட்டளைதான் சுலபம். ‘தூ’வில் ‘பேசு’ என்றால் ஆப்லா, ‘பேசாதே’ என்றால் நோ ஆப்லெஸ், உருவமே மாறிவிடும். உஸ்தேத்தில் ஆப்லே, நோ ஆப்லே. அதே சொல்தான், முன்னால் ஒரு நோ. ‘நான் பேசுகிறேன்’ என்பது ஆப்லோ. அந்தக் கடைசி ஓ-வைக் கழற்றிவிட்டு ஏ மாட்டினால் வேலை முடிந்தது. வேறு சில வினைகளுக்கு ஏ-வுக்குப் பதில் ஆ மாட்ட வேண்டும்: சாப்பிடுவதற்குக் கோமோ, அது கோமா ஆகும். சொல்வதற்குத் திகோ, அது திகா ஆகும். போவது, இருப்பது, கொடுப்பது, அறிவது போன்ற நான்கைந்து வினைகள் மட்டும் இதற்கு அடங்காது.

நியாயமாகச் சொல்வதென்றால், இந்தப் பாடத்தைச் செயலி அருமையாகவே நடத்துகிறது. உஸ்தேத் என்பது ‘புயெஸ்த்ரா மெர்செத்’, அதாவது ‘தங்கள் அருள்’ என்பதன் தேய்ந்த வடிவம், அதனால்தான் வினை படர்க்கையில் நிற்கிறது என்று ஒரு சின்ன விளக்கம் வரும். அதைப் படித்ததும் எனக்குப் பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணம் ஞாபகம் வந்தது. ‘தூ’ கட்டளை நம் ஏவல். உஸ்தேத் கட்டளை ‘தேவரீர் சொல்லட்டும்’ என்கிற மாதிரி, கிட்டத்தட்ட வியங்கோள். அன்றைக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

‘நோ தோக்கென் நாதா’வும் இதேபோலத்தான். சொல்லுக்குச் சொல் எடுத்தால் இரண்டு எதிர்மறை. ஆங்கில வாத்தியாரிடம் அடி வாங்கிய கை தயங்கும். ‘ஒண்ணையும் தொடாதீங்க’ என்று தமிழில் நினைத்துக்கொண்டால் தயக்கம் போய்விடும்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன்.

சவாசனம். பன்னிரண்டு பேர் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார்கள். ஓர் ஐயா மட்டும் அவசரமாக அசைவது தெரிந்தது. ‘இன்னும் எழுந்திருக்காதீங்க’ என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல நினைத்தேன். நம் மொழியில் எதிர்மறை வினையின் வாலில்தான் இருக்கிறது. ‘எழுந்திருக்’ வரைக்கும் வந்தபின் ‘ஆதீங்க’ என்று முடித்துக்கொள்ளலாம். என் வாயும் அப்படியே போனது. “லெவாந்தென்சே…” என்று ஆரம்பித்து, தப்பு உறைத்ததும் “…நோ” என்றேன். அதற்குள் பதினோரு பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பன்னிரண்டாமவர் தூங்கிவிட்டிருந்தார்.

சொல்ல வேண்டியது ‘நோ செ லெவாந்தென்’. எழுந்திருங்கள் என்னும்போது வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த ‘செ’, வேண்டாம் என்றதும் கழன்று வினைக்கு முன்னால் ஓடிவிடும். ‘நோ’ அதற்கும் முன்னால் போய் நிற்கும். ‘அதை என்னிடம் சொல்லுங்கள்’ தீகாமெலோ. ‘சொல்லாதீர்கள்’ நோ மே லோ திகா. ஒட்டுகள் சேரும்போது எழுத்தில் தலைக்கு மேல் ஏறுகிற அழுத்தக்குறியும் கூடவே இறங்கிவிடும். வாயைத் திறக்குமுன்பே வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்குப் பிறகும் இதில் தடுக்கி விழுகிறேன் என்றால் அதற்குச் செயலிதான் காரணம். அதன் பயிற்சியில் நோ, செ, லெவாந்தென் என்று துண்டுகள் திரையில் கிடக்கும். இழுத்து அடுக்க வேண்டும். ‘நோ’ கண்ணெதிரே இருக்கும்போது யார்தான் தப்பு செய்வார்கள்? நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு வகுப்புக்குப் போய்ப் பாட்டிகளை எழுப்பிவிடுகிறேன். வாய்விட்டுச் சொல்லவைக்கிற பயிற்சி மற்றப் பாடங்களுக்கு உண்டு, இந்த ஒன்றுக்கு மட்டும் கிடையாது. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். நன்றி என்று பதில் வந்தது.

அப்புறம் ‘தீகாசெலோ’, அதாவது ‘அதை அவரிடம் சொல்லுங்கள்’. அவனிடமா, அவளிடமா, அவர்களிடமா? ‘அ எல்யா’ என்று பின்னால் ஒட்டுப்போட்டால்தான் அவளிடம் என்று தெரியும். இதையும் வகுப்பில்தான் கற்றேன்.

எந்தப் பாடத்திலும் வராத ஒன்று: வந்த முதல் வாரம் ஒரு ரொட்டிக்கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஓர் அம்மா “சீகா, சீகா” என்றார். அகராதிப்படி ‘தொடருங்கள்’. சரி, நிற்காதே என்கிறார் போல என்று நடையைக் கட்டினேன். இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் விடுதிக்காரர் சொன்னார், இங்கே சீகா என்றால் ‘உள்ளே வாங்க’ என்று. திரும்பிப் போனேன். “ரெகாலெமே உன் தீந்தோ” என்று கேட்கவும் அந்த அம்மாதான் சொல்லிக்கொடுத்தார்: எனக்கு ஒரு கடுங்காப்பி பரிசளியுங்கள். காசு வாங்கிக்கொண்டுதான் பரிசளித்தார்.

நண்பனுக்கு என்ன எழுதினேன் என்றால்: பாதி விலை என்றால் வாங்கு. உஸ்தேத் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. என் மதிப்பெண் இரண்டு நட்சத்திரம். நேராக அந்தப் பாடத்துக்குப் போய்விடு என்று சொல்லியிருப்பேன். ஆனால் முன்னால் இருக்கிற ‘தூ’ பாடங்களை முடிக்காமல் அது திறக்காது.