மான்செஸ்டர் சிட்டியும் நியூகாசிலும்: யாருடைய பணம், யாருடைய மௌனம்?

2008இல் இங்கிலாந்துக் கால்பந்துக் கழகமான மான்செஸ்டர் சிட்டியை வாங்கிய ஷேக் மன்சூர், அபுதாபி ஆளும் குடும்பத்தவர்; இன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் துணை அதிபரும்கூட. ஆயினும் அது அவருடைய தனிப்பட்ட முதலீடு என்றே சொல்லப்படுகிறது. மனித உரிமை ஆர்வலர் அகமது மன்சூருக்கு அதே நாடு 2018இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்ததைக் கோப்பைகளின் பளபளப்பில் பலர் மறந்தேவிட்டனர்.

இன்னொரு இங்கிலாந்துக் கழகமான நியூகாசிலில், உரிமையாளரையும் அரசையும் பிரிக்கும் திரை இன்னும் மெல்லியது. 2021 அக்டோபரில் அதன் 80 விழுக்காட்டுப் பங்கை வாங்கிய சவூதி பொது முதலீட்டு நிதியத்தின் தலைவரே பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான்தான் என்றபோதும், சவூதி அரசு கழகத்தைக் கட்டுப்படுத்தாது என்ற உறுதிமொழியை இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரை நடத்தும் பிரீமியர் லீக் ஏற்றுக்கொண்டது. சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கசோகி சவூதி முகவர்களால் கொல்லப்பட்டு மூன்றாண்டுகள் ஆகியிருந்த அந்நேரத்தில், பேரத்தை நெடுநாள் இழுத்தடித்த சிக்கல்களுள் முதன்மையானது ஒளிபரப்புத் திருட்டுத் தகராறு. லீக்கின் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை பெற்றிருந்த கத்தார் நிறுவனமான பீஇன் மீதான தடையைச் சவூதி நீக்குவதாகச் செய்தி வந்த மறுநாளே விற்பனை முடிந்தது. லீக்கை உறுத்தியது எது என்பது இதிலேயே தெரிகிறது.

2022 மார்ச் 12இல் சவூதியில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மறுநாள் நியூகாசில் செல்சீயுடன் ஆடியது. செல்சீயின் அப்போதைய உரிமையாளரான ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச்சின் சொத்துகளை, உக்ரைன் போரையொட்டிப் பிரிட்டன் முடக்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ரியாத்துக்குப் போர்விமானம் விற்கும் அதே பிரிட்டன் அரசு, நியூகாசில் உரிமையாளரை மட்டும் தொடவில்லை.

என் கணிப்பில் இரண்டில் சிட்டியின் ஏற்பாடே கூடுதல் சாமர்த்தியமானது. நியூகாசிலைப் பற்றியாவது கேள்வி கேட்கிறார்கள்.